கருவாடு காயும் காற்று: டெத் வேலி முகாமில் ஒரு மயக்கம், ஒரு நிகழ்வு ஆய்வு

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தொழிற்சாலையில் 14 வருடமாகப் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். ஒருவர் படியில் வழுக்கினாலும் சரி, ஒரு வால்வு கசிந்தாலும் சரி, 24 மணி நேரத்துக்குள் தாள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்வது. யார் மேல் தப்பு என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. வீட்டில் அப்படி இல்லை. வீட்டில் முதல் கேள்வியே "யாரால?" என்பதுதான்.

போன மார்ச்சில் எங்கள் நைனா, அமெரிக்காவில் ஒரு பாலைவன முகாமில், மாலை வேளையில், 26 டிகிரி இதமான சூட்டில், பத்தடி தூரத்தில் 40 லிட்டருக்கு மேல் குடிதண்ணீர் இருக்கும்போது, உடம்பில் நீர் வற்றி மடங்கிப் போனார். ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் காசிமேட்டு வீட்டில் "யாரால?" ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா என்னைச் சொன்னாள். நான் மாப்பிள்ளையைச் சொன்னேன். தங்கை வாட்ஸாப்பில் எல்லோரையும் சேர்த்துச் சொன்னாள். சரி, நம் தொழில் முறைப்படியே ஒரு தாள் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அதுதான் இது.

ஆட்களும் இடமும்

நைனாவுக்கு 68 வயது. முப்பது வருடத்துக்கு மேல் விசைப்படகு ஓட்டியவர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதைத் தவிர ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறுவார். அம்மா கல்யாணமான புதிதில் கருவாடு காயப்போட்டு விற்றவள். தங்கையும் மாப்பிள்ளையும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வேலை பார்க்கிறார்கள். நைனாவும் அம்மாவும் மூன்று மாதம் தங்கப் போயிருந்தார்கள், நான் இரண்டு வார லீவில் போய்ச் சேர்ந்துகொண்டேன். ஆக ஐந்து பேர், ஒரு கார், ஒரு பெரிய கூடாரம், வெள்ளி சாயங்காலம் முதல் ஞாயிறு காலை வரை இரண்டு இரவு.

டெத் வேலி தேசியப் பூங்கா பெரும்பாலும் கலிஃபோர்னியாவிலும் கொஞ்சம் நெவாடாவிலும் கிடக்கிறது. 1913 ஜூலை 10 அன்று அங்கே 56.7 டிகிரி பதிவானது. உலகத்தில் அதுதான் உச்சம் என்று இன்றும் பதிவில் இருக்கிறது. பேட்வாட்டர் என்ற உப்புப் படுகை கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. வருடம் முழுக்கப் பெய்கிற மழை அந்தப் பள்ளத்தில் 50 மில்லிமீட்டர் அளவுதான். சென்னையின் வருடச் சராசரி 1400-ஐ ஒட்டி. அவர்களுடைய ஒரு வருட மழையை நமக்கு ஐப்பசியில் ஒரே ராத்திரி கொட்டிவிட்டுப் போகும்.

இந்தப் பெயரும் எண்களும் எங்களைக் கெடுத்தன என்றுதான் இப்போது தோன்றுகிறது. "மரணப் பள்ளத்தாக்கு" என்றவுடன் எல்லோரும் வெயிலுக்கே பயந்தோம். வெயில் இல்லாத மாதமாகப் பார்த்து மார்ச்சைத் தேர்ந்தெடுத்தோம். தேர்ந்தெடுத்தபோதே ஆபத்தைத் தாண்டிவிட்ட நினைப்பு வந்துவிட்டது.

நாங்கள் தங்கியது மெஸ்கீட் ஸ்பிரிங் முகாமில். பூங்காவின் வட கோடி, 1800 அடி உயரம், கூடாரம் போட 40 இடம், முதலில் வருகிறவருக்கு இடம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஒரு வளையம். பொதுவில் கழிப்பறை, குடிதண்ணீர்க் குழாய். சுற்றிலும் சரளைக்கல்லும் முட்புதரும். மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. போனில் சிக்னல் கிடையாது. பெட்ரோலும் ஆள் நடமாட்டமும் வேண்டுமென்றால் ஸ்டவ்பைப் வெல்ஸ், சுமார் 40 மைல். ஃபர்னஸ் கிரீக் அதைவிடத் தூரம்.

மொட்டை மாடி ஒத்திகை

கூடாரத்தில் தூங்க முடியுமா என்று அம்மாவுக்குச் சந்தேகம். அதனால் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே ஆன்லைனில் மலிவாக ஒரு கூடாரம் வாங்கி மாடியில் போட்டுப் பார்த்தோம். தெருப் பிள்ளைகள் எல்லாம் ஏறி வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஆயா உள்ளே போய்ப் படுத்து, "நல்லாத்தான்டா கீது, ஃபேன்தான் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். ஒத்திகை வெற்றி.

ஆனால் தளம் சிமென்ட். முளை அடிக்க வழியில்லை. கயிறுகளைத் தண்ணீர்த் தொட்டியின் காலிலும் துணி காயப்போடும் கம்பியிலும் கட்டினோம். கூடாரம் போடத் தெரியும் என்ற தைரியம் வந்தது, முளை அடிக்கத் தெரியாது என்பது தெரியாமலே போயிற்று. தொழிற்சாலைத் தீயணைப்பு ஒத்திகையில் இதே கூத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். குழாயை உருட்டி விரிப்பார்கள், தண்ணீரைத் திறக்க மாட்டார்கள், கைதட்டிக் கலைந்து போவார்கள்.

தண்ணீர்க் கணக்கு மட்டும் ஒழுங்காகப் போட்டோம். பூங்காக்காரர்கள் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது 4 லிட்டருக்குக் குறையாமல். ஐந்து பேர், இரண்டு நாள், 40 லிட்டர். நம் ஊர்க் கணக்கில் இரண்டு கேன். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த அம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை. "குடிக்க சரி, கை கழுவ?" என்று கேட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். அரை லிட்டர் பாட்டில் 24 கொண்ட கட்டு நான்கு, மொத்தம் 48 லிட்டர் காரில் ஏறியது. அளவில் ஒரு குறையும் இல்லை என்பதைப் படிப்பவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளி இரவு: காற்று

மாலை 6 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சரளைத் தரையில் முளை இறங்கவில்லை. கல்லால் தட்டினால் ஆணி வளைகிற மாதிரி வளைந்தது. பாதி இறங்கியதே போதும் என்று விட்டோம். சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் சாப்பிட்டுப் படுத்தபோது காற்று இல்லை. பதினொரு மணிக்கு வந்தது.

கடற்கரை ஆள்களுக்குக் காற்று புதிதில்லை. ஆனால் இது வேறு மாதிரி. நம் காற்றில் ஒரு ஈரம், ஒரு பிசுபிசுப்பு இருக்கும். இது மொரமொரவென்று மணலை அள்ளிக்கொண்டு வந்தது. கூடாரத்தின் கம்பு வளைந்து என் மூக்கைத் தொட்டது. அம்மா கந்தர் சஷ்டி கவசத்தை ஆரம்பித்துவிட்டாள். முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன.

நைனா மங்கி குல்லாயைக் கழற்றிவிட்டு வெளியே போனார். அந்த அரை மணி நேரம் அவரைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் கன்னத்தைத் திருப்பித் திருப்பிக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். "அணியத்தைக் காத்துக்குத் திருப்பு" என்றார். படகின் முகப்பைச் சொல்கிற சொல் அது. மாப்பிள்ளை முழித்தார். கூடாரத்தின் தாழ்ந்த பக்கத்தைக் காற்றை நோக்கித் திருப்பச் சொல்கிறார் என்று நான் விளக்கினேன். நான்கு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் திருப்பினோம். காரைக் கொண்டுவந்து காற்றுக்குக் குறுக்கே நிறுத்தச் சொன்னார். இரண்டு கயிறு மேசைக் காலில், இரண்டு கயிறு கார்ச் சக்கரத்தில். மிச்ச மூலைகளுக்குக் கல் கட்டிப் புதைக்கலாம் என்று குழி தோண்டக் குனிந்தார். தங்கை தடுத்தாள். பூங்காவுக்குள் மண்ணைத் தோண்டக் கூடாது.

"அப்ப கனமா எதுனா குடு" என்றார் நைனா.

கையில் இருந்ததிலேயே கனமானது தண்ணீர்க் கட்டு. ஒன்று 12 கிலோ. நான்கையும் கூடாரத்துக்குள் நான்கு மூலையில் வைத்து, அடித்துணியின் வளையத்தோடு சேர்த்துக் கட்டி, மேலே பையும் போர்வையும் ஏற்றினார். கட்டுவதற்கு முன் தங்கை ஆறு பாட்டிலை உருவிக் காரில் போட்டுவைத்தாள். கூடாரம் நின்றது. காலையில் பக்கத்து இடத்தில் ஒருவர் தன் கூடாரத்தை முட்புதரிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். நைனா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு டீ கேட்டார்.

சனி: முக்கால் லிட்டர்

சனிக்கிழமை நைனா என்னென்ன குடித்தார் என்பதை நாலு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதியிருக்கிறேன். காலை 7 மணிக்கு ஒரு டீ. பத்து மணிக்கு ஃபிளாஸ்கிலிருந்து ஒரு டீ. எரிமலைப் பள்ளத்தில் அரை பாட்டில், மீதியை அம்மா குடித்தாள். மதியம் எலுமிச்சை சாதத்தோடு ஒரு தம்ளர் தண்ணீர். மொத்தம் முக்கால் லிட்டர். மாலை ஐந்து மணிக்குள் குறைந்தது இரண்டரை லிட்டராவது உள்ளே போயிருக்க வேண்டும்.

எரிமலைப் பள்ளம் என்றது யூபிஹீபி. முகாமிலிருந்து சில மைல்தான். 800 மீட்டர் அகலம், 180 மீட்டர் ஆழம். கீழிருந்து ஏறி வந்த தீக்குழம்பு நிலத்தடி நீரைத் தொட, நீர் ஒரே நொடியில் ஆவியாகி, மேலிருந்த பாறையைத் தூக்கி எறிந்ததில் உண்டான பள்ளம். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் பாய்லர் வெடிப்பு. விளிம்பில் நின்று அதை நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தபோது நைனா பள்ளத்துக்குள் இறங்க ஆரம்பித்திருந்தார். கரிப்பொடி மாதிரியான கறுப்புச் சரளை. இறங்குவது சறுக்கு மரம், ஏறுவது ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் வரும். மூன்றில் ஒரு பங்கு இறங்கித் திரும்பினார். விளிம்பில் தொப்பி நிற்காத காற்று.

மேலே வந்தவரிடம் மாப்பிள்ளை பாட்டிலை நீட்டினார். "மாமா, தண்ணி குடிங்க."

"எனக்கு வேர்க்கவே இல்ல மாப்ளே. எதுக்கு?"

இந்த ஒரு வாக்கியம்தான் இந்த ஆய்வின் நடு முள். சட்டை உலர்ந்திருந்தது, முகம் உலர்ந்திருந்தது. நாங்கள் யாரும் மறுத்துச் சொல்லவில்லை, ஏனென்றால் எங்களுக்கும் வேர்க்கவில்லை. காசிமேட்டில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு வியர்வைதான் கடிகாரம். பங்குனி பிறந்தால் பத்து மணிக்கே பனியன் முதுகோடு ஒட்டும். ஒட்டினால் மோர், ஒட்டாவிட்டால் வேலை. உப்புக் காற்றில் வியர்வை காயாது, வழியும், கண்ணில் எரியும். "குடி குடி" என்று உடம்பே கத்தும்.

என் பையில் எப்போதும் ஒரு சின்ன வெப்ப, ஈரப்பதமானி கிடக்கும். தொழில் வியாதி. காசிமேட்டு மாடியில் அது 70, 75 சதவீதம் காட்டும். மதியம் முகாமில் 12 காட்டியது. நான் அதைப் படம்கூட எடுத்தேன். "இங்க பாரு, துணி போட்டா அஞ்சு நிமிஷத்துல காஞ்சிடும்" என்று தங்கையிடம் சொன்னேன். துணி காய்கிற இடத்தில் ஆளும் காய்வான் என்று தோன்றவில்லை. 14 வருட அனுபவம்!

வியர்வை வராமல் இல்லை. வந்தது, தோலை விட்டு வெளியே தலை காட்டிய கணமே ஆவியாகிவிட்டது. காற்று வேறு. எவ்வளவு போனது என்று சொல்ல ஈரம் மிஞ்சவில்லை. ஆனால் ஒரு சாட்சி மிஞ்சியிருந்தது, அதை நாங்கள் அப்புறம்தான் பார்த்தோம்.

மாலை 4.45

நைனா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீ போடலாமா என்று அம்மா கேட்டதற்கு எழுந்தார். இரண்டு அடி. கை மேசையைத் தேடியது, கிடைக்கவில்லை. முழங்கால் மடங்கிச் சரளையில் இறங்கினார். கண் திறந்திருந்தது. "ஒண்ணுமில்ல, தல சுத்துச்சு" என்றார், ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. நாடி வேகமாக இருந்தது. கையின் பின்புறத் தோலைக் கிள்ளிவிட்டால் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது. வயதானவர்களுக்கு அது சும்மாவே கொஞ்சம் நிற்கும், அதனால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கார் நிழலில் படுக்கவைத்துக் காலைப் பையின் மேல் தூக்கி வைத்தோம். அம்மா அவரைப் புரட்டும்போதுதான் சட்டை முதுகைப் பார்த்தாள். கருநீலச் சட்டை. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், காலர் ஓரத்தில், அக்குளுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகக் கோடு. தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டது. அலை வந்து திரும்பிய தடம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக வளைவுகள். உப்பு.

"இன்னாய்யா இது, நெத்திலி காயப்போட்ட பாய் மாதிரி கீது" என்றாள்.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். காரில் இருந்த ஆறு பாட்டிலில் ஒன்றுதான் மிச்சம். மீதி 45 லிட்டர் கூடாரத்தின் மூலைகளில், போர்வைக்கும் பைக்கும் கீழே, நைனா போட்ட முடிச்சுக்குள். கடலில் போட்ட முடிச்சு, என்னால் அவிழ்க்க முடியவில்லை. மாப்பிள்ளை காய் நறுக்கும் கத்தியால் பிளாஸ்டிக்கைக் கிழித்தார். அம்மா ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தட்டையாக அளந்து போட்டாள். சமையலுக்குக் கண்ணளவு, இதற்கு மட்டும் அளவுதான். எங்களைச் சின்ன வயதில் வயிற்றுப்போக்கிலிருந்து மீட்ட கணக்கு அது. மடக்கு மடக்காக, நிமிடத்துக்கு இரண்டு மடக்கு. மடமடவென்று கொடுத்தால் வாந்தியாகிவிடும்.

தங்கை கார்ச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு வலி என்றாலோ உடனே கிளம்புவது. எதுவும் இல்லையென்றால் அரை மணி நேரம் பார்ப்பது. இதை அவள்தான் முடிவு செய்தாள்.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த அரை மணி நேரம் எங்களுக்கு அதிர்ஷ்டமாக முடிந்தது, அவ்வளவுதான். 68 வயது ஆள், ரத்த அழுத்தக்காரர், திடீரென்று தலை சுற்றி இறங்குகிறார் என்றால் அது இதயமாகவும் இருக்கலாம். எங்கள் தொழிற்சாலையில் ஒருவர் இப்படி விழுந்து, மேற்பார்வையாளர் "அரை மணி பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் நான் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். காரில் படுக்கவைத்துக்கொண்டே தண்ணீர் கொடுத்திருக்கலாம். 40 மைல் போவதற்குள் சரியாகியிருந்தால் அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். நான் சொல்லவில்லை. கிளம்பினால் நைனா பயந்துவிடுவார் என்று நினைத்தேன். பயந்தது நான்.

இடையில் பக்கத்தில் நின்ற மோட்டார் வீட்டிலிருந்து (வீடு மாதிரியே தங்குகிற வண்டி) ஒரு பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். விசாரித்தார். அப்புறம் குழாயடிக்குப் போய்த் தன் பாட்டிலை நிரப்பி, எங்கள் எதிரிலேயே பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை நைனாவின் துண்டில் ஊற்றி நனைத்துக் கொடுத்தார். நாங்கள் ஐந்து பேரும் அந்தக் குழாயில் பாத்திரம்தான் கழுவிக்கொண்டிருந்தோம்.

ஐந்தரை மணிக்கு நைனா எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றார். காலைக்கு அப்புறம் அப்போதுதான் முதல் தடவை. இரண்டு பேர் கூடப் போனோம். இவ்வளவு சந்தோஷமாக நாங்கள் யாரையும் கழிப்பறைக்கு அழைத்துப் போனதில்லை.

ஏன்

எங்கள் படிவத்தில் ஐந்து முறை "ஏன்" கேட்கச் சொல்வார்கள். ஒரு ஏனிலிருந்து அடுத்த ஏன், நேராக ஒரே மூல காரணத்துக்குப் போய்விடலாம் என்று கணக்கு. எங்கள் குடும்பத்தில் எதுவும் நேராகப் போகாது. இடியாப்பத் தட்டுகளை அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் சில நேரம் எல்லாத் தட்டின் துளையும் ஒரே கோட்டில் வந்து அந்தப் பக்கம் தெரியும், அப்படித்தான் இது.

வியர்வையைச் சொல்லிவிட்டேன். அடுத்தது தண்ணீர்க் கட்டு. வெள்ளி இரவு கூடாரத்தைக் காப்பாற்றிய அதே ஏற்பாடு சனிக்கிழமை தண்ணீரைப் பூட்டிவைத்தது. ஒரு கோளாறுக்குப் போட்ட ஒட்டு அடுத்த கோளாறுக்கு வாசலாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய பாடம். காலையில் கட்டை அவிழ்த்துத் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ராத்திரி மறுபடி காற்று வருமே என்ற நினைப்பு வேறு. காரில் ஆறு பாட்டில், ஐந்து பேர். யாரும் "குடிக்காதே" என்று சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் கொஞ்சம் பார்த்துப் பார்த்துக் குடித்தோம்.

குழாய். வடசென்னையில் குழாய்த் தண்ணீரை அப்படியே வாயில் வைக்கும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு இல்லை. மஞ்சளாக வரும், சில நாள் வாடையோடு வரும். குடிக்கக் கேன், மற்றதற்குக் குழாய். இது மூளையில் எழுதிவைத்த சட்டம் இல்லை, கையிலேயே இருக்கிறது. குழாயடியில் குடிதண்ணீர் என்று பலகை இருந்தது. மாப்பிள்ளை படித்தும் சொன்னார். நைனா தலையை ஆட்டிவிட்டுக் கால் கழுவினார்.

கழிப்பறை. இதை அவராகச் சொல்லவில்லை, அம்மாதான் போட்டு உடைத்தாள். ராத்திரி 9 டிகிரி குளிரில், இருட்டில், சரளையில் கழிப்பறைவரை நடக்க வேண்டும் என்பதால் வெள்ளி மாலையிலிருந்தே நைனா தண்ணீரைக் குறைத்திருக்கிறார். கார்ப் பயணத்திலும் அதேதான், வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சம். நம் வீட்டுப் பெரியவர்கள் கல்யாணத்துக்கு வேனில் கிளம்பும்போது காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆக சனிக்கிழமை விடியும்போதே அவர் கடனில்தான் எழுந்திருக்கிறார்.

மாத்திரை. ஊருக்கு வந்ததும் ராயபுரத்தில் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் போனோம். அவர் சீட்டைப் பார்த்துவிட்டு, ரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்றில் உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து சேர்ந்திருக்கிறது என்றார். வயதானால் தாகம் தெரிவதே மழுங்கிவிடும் என்றும் சொன்னார். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, இப்படிப்பட்ட இடத்துக்குப் போவதாக இருந்தால் முன்னாடியே வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பயணத்துக்கு முன் மருந்து வாங்கினோம், எண்ணினோம், டப்பாவில் அடுக்கினோம். என்ன மருந்து என்று கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. முந்தின இரவு நைனா ஜெயித்திருந்தார். முளை அடிக்கத் தெரியாத நாலு பேரை அவர் ஒருவராகக் காப்பாற்றியிருந்தார். அப்படிப்பட்ட ஆளிடம் மறுநாள் போய் "தண்ணி குடிச்சியா" என்று யார் கேட்பார்கள்? சனிக்கிழமை முழுக்க நாங்கள் அம்மாவைத்தான் கவனித்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு நிழல், அம்மாவுக்குத் தொப்பி, அம்மாவுக்குப் பாட்டில். காற்றை அறிந்தவர் இந்தக் காற்றையும் அறிவார் என்று நாங்கள் நினைத்தோம், அவரும் நினைத்தார்.

ஆனால் அவருக்கு அது தெரியாத விஷயமும் இல்லை. சனி ராத்திரி படுத்திருந்தபோது அவரே சொன்னார். "கருவாடு வெயில்லயா காயுது? காத்துல காயுது. மேகமா இருந்தாலும் வாடை அடிச்சா ரெண்டு நாள்ல மொறுமொறுன்னு ஆயிடும். காத்து இல்லாத வெயில்ல போட்டா நாறிப் போவும்." அம்மா பக்கத்திலிருந்து, "அத காலையில சொல்றதுக்கு இன்னா?" என்றாள். மீனுக்குத் தெரிந்த கணக்கை மனுஷனுக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை என்றார்.

அன்றைக்குக் காற்று இல்லை. கூடாரத்தின் மேல் துணியைக் கழற்றிவிட்டு வலை வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பூங்காவுக்கு இருண்ட வானத்துக்கான சர்வதேச அங்கீகாரம் 2013-லேயே கிடைத்திருக்கிறது. துறைமுக விளக்கும் மணலி ஆலை நெருப்பும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் பத்து நிமிடம் ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் நட்சத்திரங்கள் இடைவெளி இல்லாமல் நிரம்பின. நைனா கையை நீட்டி முஷ்டியை முஷ்டியின் மேல் வைத்து அளந்தார். "நம்ம ஊர்ல துருவ நட்சத்திரம் கடலுக்கு மேல ஒண்ணேகால் முஷ்டிதான். இங்க நாலு முஷ்டி கிட்ட கீது. நாம எவ்ளோ மேல வந்துட்டோம் பாரு." அட்சரேகைப்படி சென்னை 13 பாகை, அந்த இடம் 37 பாகை. ஒரு முஷ்டி கிட்டத்தட்ட 10 பாகை. கணக்கு சரியாகவே வந்தது. குழறல் இல்லை என்று தங்கை இருட்டில் என் கையைத் தட்டினாள்.

பிறகு

ஞாயிறு கிளம்பும்போது 48 லிட்டரில் 26 லிட்டர் மிச்சம். அதைப் பக்கத்து இடத்துக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

செய்த மாற்றங்கள் கொஞ்சம்தான். நைனாவின் ஒரு லிட்டர் பாட்டிலில் அம்மா இன்சுலேஷன் டேப்பால் நாலு கோடு ஒட்டியிருக்கிறாள். 9, 11, 1, 3 என்று பேனாவில் மணி எழுதியிருக்கிறது. ஊரிலேயே அது பழக்கத்தில் இருக்கிறது. வேர்த்தாலும் வேர்க்காவிட்டாலும் மணிக்குக் குடிப்பது. கூடாரத்துக்கு எடையாகத் தண்ணீர் வைப்பதில்லை என்று எழுதியாயிற்று, அதற்குப் பதிலாகப் பாரிமுனையில் காலி மணல் பைகளும் நீளமான இரும்பு முளைகளும் வாங்கி வைத்திருக்கிறேன். எப்போது பயன்படும் என்று கேட்காதீர்கள். இப்போதைக்கு மாடியில் கீற்று பறக்காமல் இருக்க உதவுகிறது. மருந்துச் சீட்டில் ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே அது என்ன செய்யும் என்று தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம்.

எங்கள் படிவத்தில் கடைசிக் கட்டம் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம். இதை எழுதி முடித்து நைனாவிடம் படித்துக் காட்டினேன். தொலைக்காட்சியை அணைக்காமல் கேட்டார். இரண்டு திருத்தம் சொன்னார். பள்ளத்தில் அவர் இறங்கியது மூன்றில் ஒரு பங்கு இல்லை, பாதிக்கு மேல். அப்புறம், அவர் மயங்கி விழவில்லை, தானாகத்தான் உட்கார்ந்தார். அவர் சொன்னபடியே பதிவு செய்கிறேன். முதல் திருத்தத்தை மாப்பிள்ளை எடுத்த வீடியோ மறுக்கிறது. இரண்டாவதற்கு வீடியோ இல்லை.